காணொலி என்னும் வாய்க்கால்

நுழையும்முன்

திறன்பேசியும் இணைய இணைப்பும் உடைய எவரும் இன்று தமக்கென ஒரு காணொலி அலைவரிசையைத் தொடங்கிவிடலாம். தொடங்குவது எளிது, தொடர்வது அரிது, நம்பத்தக்க வகையில் தொடர்வது அதனினும் அரிது. சிறிய அளவில் தொடங்கிய அலைவரிசைகள் சிலவற்றின் வரலாறு நமக்குக் கற்பிப்பன யாவை? ஒன்றைப் பார்ப்பவராக மட்டுமன்றிப் படைப்பவராகவும் விளங்க விரும்பும் இளையோர் அறிய வேண்டிய செய்திகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஏரி தரும் உவமை

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் பகுதியைக் கடந்து வாலாசாப்பேட்டையை அடையும் முன் காவேரிப்பாக்கம் அமைந்துள்ளது. இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்குப் பெருமை சேர்ப்பது அதன் ஏரி. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது எனக் கருதப்படும் இவ்வேரி, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளுள் ஒன்று. வாலாசாப்பேட்டைக்கு அருகே பாலாற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ள அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய் இவ்வேரிக்கு நீரைக் கொண்டு வருகிறது. ஏரியின் மதகுகள் அந்நீரை வயல்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன.

காணொலியைப் பற்றிய பாடம் ஏரியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அலைவரிசையைக் குறிக்கும் ‘சேனல்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள், நீர் செல்லும் வழி என்பதாகும். அது இலத்தீன் மொழியில் கால்வாயைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் வந்த பின்னரே அச்சொல் ஒலியும் ஒளியும் செல்லும் வழியைக் குறிக்கலாயிற்று.

வாய்க்கால் நீரை உண்டாக்குவதில்லை. ஓரிடத்தில் உள்ளதை இன்னோரிடத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. எனவே, ஒரு வாய்க்காலைப் பற்றி உழவர் மூன்று வினாக்களை எழுப்புவர். அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது? அது எந்த வயலுக்குப் பாய்கிறது? அது தூர்ந்து போகாமல் காக்கப்படுகிறதா? காணொலி அலைவரிசை நடத்துவோரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இவையே. எதைச் சொல்கிறோம், எவருக்குச் சொல்கிறோம், சொல்வது கெடாமல் காக்கிறோமா என்று அவற்றை மாற்றிக் கேட்கலாம்.

பத்தொன்பது நொடிகள்

சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் ஆகிய மூவர் 2005ஆம் ஆண்டில் யூடியூப் தளத்தை நிறுவினர். அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அதில் முதல் காணொலி பதிவேற்றப்பட்டது. அமெரிக்காவின் சான் டியேகோ உயிரியல் பூங்காவில் யானைகளின் முன்னே நின்று ஜாவேத் கரீம் சில சொற்கள் பேசுகிறார், அவ்வளவே அக்காணொலி. அதன் நீளம் பத்தொன்பது நொடிகள்தாம். அதில் அரங்கமைப்பு இல்லை, இசை இல்லை, ஒப்பனை இல்லை. ஒருவர் தம் கண்முன் உள்ளதைப் பற்றி எளிய மொழியில் பேசுகிறார். அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் அத்தளத்தை 165 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

அதுவரை காட்சியைப் பதிவு செய்து மக்களிடம் சேர்க்கப் பெருமுதலும் பெரிய நிறுவனமும் தேவைப்பட்டன. தொலைக்காட்சி நிலையத்தின் வாயிலில் நிற்கும் காவலரைக் கடந்து ஒரு சிற்றூர்க்காரரின் குரல் உள்ளே செல்வது அரிதாக இருந்தது. அந்த வாயில் இப்போது திறந்துவிட்டது. ஆயின், எல்லாருக்கும் திறந்த வாயிலின் வழியே எல்லாரும் நுழைகின்றனர். ஆகவே, பேச இடம் கிடைப்பது இன்றைய சிக்கலன்று. பேசுவதைக் கேட்க ஒருவர் ஏன் நின்று செவிசாய்க்க வேண்டும் என்பதே சிக்கல்.

எவருக்காக?

பலருக்கும் பிடிக்க வேண்டும் என்று தொடங்கும் அலைவரிசை பெரும்பாலும் எவரையும் தொடுவதில்லை. ஒருவருக்குப் பயன்பட வேண்டும் என்று தொடங்கியது உலகத்தையே தொட்டதற்கு ஒரு சான்று உண்டு.

2004ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நிதித்துறையில் பணியாற்றிய சல்மான் கான் என்னும் இளைஞர், தொலைவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வாழ்ந்த தம் உறவுக்காரச் சிறுமி நாடியாவுக்குத் தொலைபேசி வழியே கணக்குக் கற்பித்தார். செய்தி பரவியதும் பிற உறவினர் பிள்ளைகளும் அவரிடம் கற்க முன்வந்தனர். ஒவ்வொருவருக்கும் நேரம் ஒதுக்க இயலாத நிலையில், நண்பர் ஒருவரின் அறிவுரைப்படி 2006ஆம் ஆண்டில் தம் பாடங்களைக் காணொலிகளாகப் பதிவேற்றத் தொடங்கினார்.

அக்காணொலிகளில் அவர் முகம் தெரியாது. கரும்பலகை போன்ற திரையில் எழுத்துகள் தோன்றும். அவர் குரல் மட்டும் கேட்கும். நேரில் அவர் கற்பிப்பதைவிடக் காணொலியில் கற்பிப்பதே தங்களுக்குப் பிடித்திருப்பதாக அப்பிள்ளைகள் கூறினராம். அதன் காரணத்தை அவர் பின்னர் உணர்ந்தார். காணொலியில் புரியாத இடத்தில் நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், சென்ற ஆண்டுப் பாடத்தை மறந்துவிட்டதை எவரும் அறியாமல் மீண்டும் படிக்கலாம். ‘புரிந்ததா?’ என்று ஒருவர் எதிரே நின்று கேட்கும் கூச்சம் அங்கில்லை. உறவினருக்காக உருவானவற்றை அறிமுகமில்லாத பலரும் பார்த்துப் பயன்பெற்றனர். 2009ஆம் ஆண்டில் அவர் தம் பணியைத் துறந்து கல்விப் பணியை முழுநேரமாக மேற்கொண்டார். அதுவே இன்று உலகறிந்த ‘கான் அகாடமி’.

இந்நிகழ்வு உணர்த்தும் பாடம் தெளிவானது. பார்வையாளர் என்பவர் எண்ணிக்கை அல்லர். ஒரு தேவையோடு வரும் மனிதர். அந்த ஒருவரின் தேவையை மனத்திற்கொண்டு உருவாகும் காணொலி, அதே தேவையுடைய பிறரையும் சென்றடைகிறது.

எதைச் சொல்வது?

தமிழ்நாட்டில் சிறிய அளவில் தொடங்கி உலகப் புகழ் பெற்ற அலைவரிசைகளுள் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ குறிப்பிடத்தக்கது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் 2018ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். சமையல் தொழிலில் பட்டறிவு மிக்க பெரியதம்பி என்னும் முதியவரும் அவருடைய பேரன்மார்களும் இதில் இணைந்து செயல்பட்டனர். வேளாண்மையைச் சார்ந்த குடும்பத்திற்கு ஆண்டு முழுவதும் வயலில் வேலை இருப்பதில்லை. வேலையற்ற மாதங்களில் வேறென்ன செய்யலாம் என்ற எண்ணமே இம்முயற்சிக்கு வித்திட்டது.

அவர்கள் நகரத்துச் சமையலறையைப் போல ஓர் அரங்கை அமைக்கவில்லை. வயல்வெளியே அவர்களின் அரங்கு. கல்லைக் கூட்டி அடுப்பாக்கினர், விறகு மூட்டினர், அம்மியில் மசாலை அரைத்தனர். ஒவ்வொரு பொருளையும் இடும்போது அதன் பெயரை உரக்கக் கூவினர். நீண்ட விளக்கவுரை இல்லை. விறகு வெடிக்கும் ஓசையும் எண்ணெயில் கடுகு பொரியும் ஓசையும் பேசின. அதனால் தமிழ் அறியாதவரும் அதனைப் பின்தொடர முடிந்தது. சமைத்த உணவை முதியோர்க்கும் எளியோர்க்கும் பரிமாறுவது அவர்கள் காணொலிகளின் நிறைவுக் காட்சியாக அமைந்தது.

2021ஆம் ஆண்டில் அவ்வலைவரிசை ஒரு கோடிச் சந்தாதாரர்களைப் பெற்றது. தமிழில் அவ்வெண்ணிக்கையை எட்டிய முதல் யூடியூப் அலைவரிசை அதுவே. அந்த மகிழ்ச்சியான வேளையில், கொரோனா நிவாரணப் பணிகளுக்காக முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அவர்கள் 10 இலட்சம் ரூபாய் வழங்கினர். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விக்ரம்’ திரைப்படத்திலும் அக்குழுவினர் தோன்றினர்.

இவ்வெற்றியைக் கண்டு பலர் வயல்வெளியில் அடுப்பு மூட்டினர். ஆயினும், எல்லா அடுப்புகளும் அவ்வாறு எரியவில்லை. காரணம் ஆராயத்தக்கது. அக்குடும்பத்தினர் தமக்குத் தெரிந்த தொழிலை, தாம் வாழ்ந்த நிலத்தில், தம் இயல்பான பேச்சில் காட்டினர். பார்த்து ஒழுகியவர்களோ அவர்களுடைய அடுப்பை எடுத்துக்கொண்டனர். பட்டறிவை எடுத்துக்கொள்ள இயலவில்லை. ஒரு வாய்க்காலின் வடிவத்தைப் பார்த்து இன்னொரு வாய்க்கால் வெட்டலாம். அதற்கான நீரைத் தம் ஊற்றிலிருந்துதான் பெற வேண்டும்.

அத்தகைய ஊற்று ஒவ்வோர் ஊரிலும் உண்டு. காவேரிப்பாக்கத்தில் வாழும் மாணவர் ஒருவருக்கு ஏரி நீர் பாயும் வயலும், மதகைத் திறந்து மூடுவோரின் தொழிலறிவும், நெல்லில் பால்பிடிக்கும் பருவத்தில் நீர் எவ்வளவு நிற்க வேண்டும் என்னும் உழவரின் கணக்கும் அருகிலேயே உள்ளன. இராணிப்பேட்டை, மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல்தொழில் நகரங்களில், ஒரு தோல் பதனிடப்பட்டுக் காலணியாக மாறும் வரை எத்தனை கைகளைக் கடக்கிறது என்று அறிந்த தொழிலாளர் பலர் உள்ளனர். அவ்வறிவின் பெரும்பகுதி எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அதனை உரிய இசைவுடன் கேட்டுப் பதிவு செய்யும் காணொலி, பார்வையாளர் நூறு பேராயினும் பயனுடையதே.

எண்களும் அவற்றின் பொருளும்

அலைவரிசை தொடங்கும் பலரின் கண் எண்களின் மீதே இருக்கிறது. எண்களை வெறுக்க வேண்டியதில்லை. அவற்றின் பொருளை அறிந்திருக்க வேண்டும்.

2018ஆம் ஆண்டு சனவரியில் யூடியூப் ஒரு விதியை அறிவித்தது. விளம்பர வருவாயில் பங்கு பெற விரும்பும் அலைவரிசைக்கு 1,000 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் அதன் காணொலிகள் மொத்தம் 4,000 மணிநேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே அவ்விதி. பின்னர்க் குறுங்காணொலிகளுக்கெனத் தனி அளவுகோலும் வந்தது.

4,000 மணிநேரம் என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் ஒரு காணொலியைச் சராசரியாக 4 நிமிடம் பார்ப்பதாகக் கொண்டால், ஓராண்டில் 60,000 பார்வைகள் தேவைப்படும். வாரத்திற்கு ஒன்றாக ஆண்டுக்கு 52 காணொலிகள் வெளியிட்டால், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 1,150 முறை மக்கள் பார்த்திருக்க வேண்டும். அவ்வெல்லையைத் தொட்டாலும் வருவாய் உடனே பெருகிவிடாது. வருவாயைப் பெறும் தகுதி கிடைக்கிறது, அவ்வளவே. மேலும், விளம்பர வருவாய்க்கான கணக்கைத் தம் பெயரில் தொடங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். படிப்பைக் கைவிட்டு இதனை நம்பி இறங்க எண்ணுவோர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று.

எண்களைப் பற்றிய இன்னோர் உண்மையும் உண்டு. விதிகளை வகுப்பவர் தளத்தின் உரிமையாளரேயன்றி அலைவரிசை நடத்துபவர் அல்லர். ஒரு காலத்தில் எத்தனை பேர் சொடுக்கினர் என்பதைக் கொண்டே காணொலிகள் மிகுதியாகப் பரிந்துரைக்கப்பட்டன. அதனால் உள்ளே ஒன்றும் இல்லாத காணொலிக்கு ஆரவாரமான தலைப்பும் பொய்யான முகப்புப் படமும் இட்டனர். 2012ஆம் ஆண்டில் யூடியூப் தன் வழிமுறையை மாற்றி, எவ்வளவு நேரம் பார்க்கின்றனர் என்பதற்கு முதன்மை அளித்தது. சொடுக்க வைத்தும் பார்க்க வைக்க இயலாத அலைவரிசைகள் அம்மாற்றத்தால் சரிந்தன.

இதனினும் பெரிய மாற்றம் 2020ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் நிகழ்ந்தது. அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தது. டிக்டாக்கில் காணொலிகளை வெளியிட்டுப் பெரும் எண்ணிக்கையில் பின்தொடர்வோரைப் பெற்றிருந்தவர்கள் அவ்வெண்ணிக்கை முழுவதையும் இழந்தனர். ஆனால், கதை சொல்லும் திறனையும் படத்தொகுப்புப் பயிற்சியையும் பெற்றிருந்தோர் வேறு தளங்களில் மீண்டும் தொடங்கினர். தளம் தந்த எண்ணிக்கை தளத்தோடு போயிற்று. உழைப்பு தந்த திறன் அவர்களோடு நின்றது. ஆகவே, ஒவ்வொரு காணொலியின் மூலப்படியையும் தம்மிடம் சேமித்து வைப்பது அலைவரிசை நடத்துவோர் கொள்ள வேண்டிய முதல் ஒழுங்கு.

கருவியும் பயிற்சியும்

சிறந்த ஒளிப்படக்கருவி இருந்தால்தான் தொடங்க முடியும் என்பது பலரின் எண்ணம். உண்மையில் தொடக்க நிலைக் காணொலிகள் பலவற்றைக் கெடுப்பது படத்தின் தரமன்று, ஒலியின் தரமே. படம் சற்று மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர். பேச்சு கேட்கவில்லையெனில் உடனே விலகிவிடுவர். ஏரிக்கரையில் நின்று பேசுபவரின் சொற்களைக் காற்று விழுங்கிவிடும். எனவே, சட்டையில் செருகும் சிறு ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாம். அல்லது காட்சியை அங்கே எடுத்து, உரையை அமைதியான அறையில் தனியே பதிவு செய்து இணைக்கலாம்.

ஒளிக்குச் செலவு தேவையில்லை. காலையும் மாலையும் கிடைக்கும் சாய்ந்த வெயில் போதுமானது. பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் கதிரவன் இருந்தால் முகம் இருண்டுவிடும். அதனால் அவர் ஒளியை நோக்கி நிற்க வேண்டும். திறன்பேசியைக் கையில் பிடிப்பதைவிட ஒரு தாங்கியிலோ சுவரிலோ பொருத்தினால் காட்சி நடுங்காது.

பதிவுக்கு முன் எழுதிக்கொள்வது பேருதவி புரியும். இக்காணொலியில் சொல்ல வேண்டிய ஒரே செய்தி எது என்பதை ஒரு தொடரில் எழுத இயலாவிட்டால், அக்காணொலிக்கு இன்னும் வேளை வரவில்லை என்று கொள்ளலாம். நீண்ட வணக்கமும் தற்புகழ்ச்சியும் பார்வையாளரைக் களைப்புறச் செய்யும். முதல் சில நொடிகளிலேயே காணொலியின் பொருள் தெரிய வேண்டும். தொகுக்கும்போது, தாம் அரும்பாடுபட்டு எடுத்த காட்சியாயினும் செய்திக்கு உதவாததை நீக்கும் துணிவு வேண்டும்.

இவற்றினும் தேவையானது ஒழுங்கு. ஒரே வாரத்தில் ஐந்து காணொலிகளை வெளியிட்டுப் பின் மூன்று மாதம் மௌனம் காப்பதைவிட, பள்ளிப் படிப்புக்கு இடையூறு இன்றி மாதத்திற்கு இரண்டு காணொலிகளைத் தவறாமல் வெளியிடுவது மேலானது. பத்தாவது காணொலி முதல் காணொலியைவிடச் செம்மையாக இருக்கும். அச்செம்மையைப் பார்வை எண்ணிக்கை காட்டாமல் போகலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்குப் புலப்படும்.

தூர் சேராமல் காத்தல்

வாய்க்காலில் வண்டல் சிறிது சிறிதாகப் படிகிறது. ஒருநாள் நீர் செல்லாதபோதுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது. அலைவரிசையில் படியும் வண்டல் பொய்யும் மிகையும் ஆகும். ஒரு தலைப்பில் சிறு மிகை, ஒரு செய்தியில் ஆராயாத கூற்று எனத் தொடங்கி, இறுதியில் அவ்வலைவரிசை சொல்லும் உண்மையையும் எவரும் நம்பாத நிலை ஏற்படுகிறது.

காவேரிப்பாக்கம் ஏரிக்கு வரும் கால்வாயில் நிறம் மாறிய நீரை மாணவர் ஒருவர் கண்டு படம் எடுப்பதாகக் கொள்வோம். அவர் கண்டது நிறம் மாறிய நீர், அஃது உண்மை. அதற்குக் காரணம் இன்ன தொழிற்சாலை என்று அவர் தலைப்பிட்டால், அது சான்றில்லாத குற்றச்சாட்டு. காரணம் வேறாகவும் இருக்கலாம். சினமூட்டும் தலைப்பு வேகமாகப் பரவும். அதன் விளைவை அத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்களும் சுமக்க நேரிடும்.

சான்றோடு பேசினால் என்ன நிகழும் என்பதற்கு இம்மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. தோல் பதனிடும் தொழிற்கூடங்களின் கழிவுநீரால் பாலாற்றுப் பகுதி மாசடைவதை எதிர்த்து, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் ஆய்வறிக்கைகள் முன்வைக்கப்பட்டன. தோல்தொழில் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியளவிலோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்திருந்தது. திண்டுக்கல் பகுதியின் 13 சிற்றூர்களில் 467 கிணறுகளுள் 350 மாசடைந்திருந்ததை மற்றோர் ஆய்வு காட்டியது.

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வெளியானது. தோல்தொழில் அந்நியச் செலாவணியையும் வேலைவாய்ப்பையும் தருவதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே வேளையில், சூழலை அழிக்கும் உரிமை அத்தொழிலுக்கு இல்லை என்றும் கூறியது. மாசுபடுத்துபவரே அதற்கான இழப்பை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையையும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக அத்தீர்ப்பு நிலைநாட்டியது. கிணறுகளை எண்ணியவர்களும் நிலத்தை அளந்தவர்களும் திரட்டிய சான்றுகள் அத்தீர்ப்புக்கு அடித்தளமாயின. காணொலி எடுப்பவரும் அவர்களைப் பின்பற்றலாம். நாள், இடம், நேரம் ஆகியவற்றைக் குறிப்பிடலாம். கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் கூறலாம். எதிர்த்தரப்பினரின் விளக்கத்தையும் கேட்டுச் சேர்க்கலாம். தவறு நேர்ந்தால் அதனை வெளிப்படையாகத் திருத்தலாம்.

உண்மையைப் போலவே காக்கப்பட வேண்டியது பிறருடைய உரிமை. ஒருவரைப் படம் எடுக்குமுன் அவரது இசைவைப் பெற வேண்டும். குழந்தையெனில் பெற்றோரின் இசைவு வேண்டும். வறுமையையும் துயரையும் காட்சிப் பொருளாக்குதல் தகாது. உதவி பெறுபவரின் முகத்தைக் காட்டி உதவியவரின் புகழை வளர்ப்பது அறமாகாது. பிறர் இசைத்த பாடலையும் எடுத்த படத்தையும் கேளாமல் பயன்படுத்துவது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு முரணாக அமையக்கூடும்.

தம் நலனைக் காப்பதும் கடமையே. வீட்டு முகவரி, பள்ளிக்குச் செல்லும் வழி, தொலைபேசி எண் முதலியவை காட்சியில் தோன்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருத்துரைப் பகுதியில் குறையைச் சுட்டுவோரும் இருப்பர், இழித்துரைப்போரும் இருப்பர். முன்னவரிடமிருந்து கற்க வேண்டும். பின்னவரை நீக்கிவிட்டுப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தெரிவிக்க வேண்டும். முகமறியாத ஒருவரின் வசைமொழி, காணொலி படைத்தவரின் தகுதியை அளக்கும் கோலன்று.

எஞ்சுவது எது?

சிறிய அலைவரிசைகளுள் பெரும்பாலானவை சிறியனவாகவே இருக்கும். ஓராண்டு உழைத்த பின்னும் எழுபது சந்தாதாரர்களே சேர்ந்திருந்தால் அம்முயற்சி தோற்றுவிட்டதா என்னும் வினா எழும். அவ்வோராண்டில் அம்மாணவர் இருபது பெரியவர்களிடம் வினாக் கேட்டிருப்பார். கேட்டதைச் சுருக்கி எழுதியிருப்பார். தம் குரலைத் தாமே கேட்டுத் திருத்தியிருப்பார். சான்றில்லாத ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பார். மதகைக் காத்த முதியவர் ஒருவர் மறைந்த பிறகு, அவரது குரலும் தொழிலறிவும் இருக்கும் ஒரே இடம் அம்மாணவரின் பத்து நிமிடக் காணொலியாக இருக்கலாம். அதனைப் பார்த்தவர் எத்தனை பேர் என்று அம்முதியவரின் பேரப்பிள்ளைகள் கேட்கமாட்டார்கள்.

புகழ் பெற்ற அலைவரிசைகளின் வரலாறும் இதனையே வேறு வகையில் கூறுகிறது. சல்மான் கான் உலகத்திற்குக் கற்பிக்கத் தொடங்கவில்லை. ஒரு சிறுமிக்குக் கற்பித்தார். புதுக்கோட்டைக் குடும்பத்தினர் தமக்குத் தெரியாத ஒன்றைத் தேடிச் செல்லவில்லை. தெரிந்த சமையலைத் தெரிந்த நிலத்தில் செய்தனர். எண்ணிக்கை பின்னர் வந்தது. அது வராமலும் போயிருக்கலாம். வராதிருந்தாலும் அச்சிறுமி கணக்குக் கற்றிருப்பாள்; அவ்வயல்வெளியில் சமைத்த உணவைப் பலர் உண்டு பசியாறியிருப்பர்.

பெரிய ஏரியும் சிறு வாய்க்கால்களின் வழியேதான் வயலைச் சென்று சேர்கிறது. கடைமடையில் உள்ள கால் காணி நிலத்திற்கு நீர் பாய்ச்சும் வாய்க்காலை எவரும் சிறிது என்று தூர்த்துவிடுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

திறன்பேசி – ஸ்மார்ட்போன்
காணொலி – வீடியோ
அலைவரிசை – சேனல்
பதிவேற்றம் – அப்லோடு
முகப்புப் படம் – தம்ப்நெயில்
ஒலிவாங்கி – மைக்
படத்தொகுப்பு – எடிட்டிங்
பதிப்புரிமை – காப்பிரைட்
சந்தாதாரர் – சப்ஸ்கிரைபர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மறைந்துவரும் தொழில் ஒன்றை அறிந்த பெரியவரைச் சந்தித்து, அவரது இசைவுடன் மூன்று நிமிடக் காணொலி ஒன்றை உருவாக்கி வகுப்பறையில் காட்டுக. பதிவுக்கு முன் அவரிடம் கேட்க வேண்டிய பத்து வினாக்களை எழுதிக்கொள்க.

2. அண்மையில் நீங்கள் பார்த்த காணொலி ஒன்றின் தலைப்பும் உள்ளடக்கமும் பொருந்துகின்றனவா என ஆராய்ந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘பார்வையாளர் எண்ணிக்கையே காணொலியின் தரத்தைக் காட்டும்’ என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் உரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. ‘சேனல்’ என்னும் சொல்லின் பழைய பொருள் யாது?
2. தொடக்க நிலைக் காணொலிகளைப் பெரிதும் கெடுப்பது எது? அதனைத் தவிர்க்கும் வழி ஒன்றைக் கூறுக.

சிறுவினா

1. நேரில் கற்பதைவிடக் காணொலியில் கற்பதைச் சல்மான் கானின் உறவினர் பிள்ளைகள் விரும்பியதற்கான காரணங்களை எழுதுக.
2. ‘தளம் தந்த எண்ணிக்கை தளத்தோடு போயிற்று, உழைப்பு தந்த திறன் அவர்களோடு நின்றது’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

1. வாய்க்காலைப் பற்றி உழவர் எழுப்பும் மூன்று வினாக்களைக் காணொலி அலைவரிசையோடு பொருத்தி, பாடப்பகுதியில் வரும் சான்றுகளுடன் கட்டுரை வரைக.